ஜெட் மோட்டார் மாற்றிய பிறகு படகு மக்கர் செய்தால்: அறிகுறிவாரியாகப் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் ஓசார்க் மலைப் பகுதி ஆறுகளில், கரண்ட், கேஸ்கனேட், மெரமெக் மாதிரி ஆறுகளில், மீன் பிடிக்கப் போகிறவர்களிடம் பெரும்பாலும் 16 அல்லது 17 அடித் தட்டையடி அலுமினியப் படகும் அதன் பின்னால் ஒரு அவுட்போர்டு ஜெட்டும் (புரொப்பெல்லருக்குப் பதில் பம்பால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் மோட்டார்) இருக்கும். கோடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் கூழாங்கல் திட்டுகளின் மேல் புரொப்பெல்லரை இழுத்துக்கொண்டு போக முடியாது, அதனால் ஜெட். பழைய டூ ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு 60/40 ஃபோர் ஸ்ட்ரோக் போடுவது இங்கே சாதாரணம். போட்ட கையோடு "என்ஜின் அலறுது, படகு போகல" என்று போன் வருவதும் சாதாரணம். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

முதலில் ஒரு கணக்கு, இது கோளாறே இல்லை என்பதால். 60/40 என்றால் மேலே இருக்கும் என்ஜின் 60 குதிரைத்திறன், ஜெட் வழியாக உங்களுக்குக் கிடைப்பது 40 அளவு. 90 போட்டால் 65, 115 போட்டால் 80. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பம்பிலேயே போய்விடும். "60 போட்டும் பக்கத்துப் படகின் 60 புரொப்பெல்லர் மாதிரி போகவில்லை" என்று வருத்தப்படுகிறவருக்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

மற்ற புகார்களில் முக்கால்வாசி என்ஜினில் இருக்காது, தண்ணீர் உள்ளே போகும் வாயில், அதாவது இன்டேக்கில், இருக்கும். ஜெட்டுக்குக் காற்றுக் கலக்காத கெட்டித் தண்ணீர் வேண்டும், அது கிடைக்காவிட்டால் எத்தனை ஆயிரம் டாலர் என்ஜினும் சும்மா கத்தும். அதனால் கீழே இருந்து மேலே பார்த்துக்கொண்டு போங்கள். இன்டேக்கை மூடியிருக்கும் கம்பி கிரில், உயரம், தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர், அப்புறம் பெட்ரோல், கடைசியாக என்ஜின்.

கையை இன்டேக்குக்குள் விடும் முன் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கில் ஸ்விட்ச் கயிற்றை (ஓட்டுகிறவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு) கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டில் கியர்பாக்ஸ் கிடையாது. என்ஜின் சுற்றினால் இம்பெல்லரும் சுற்றும், நியூட்ரலில் இருந்தாலும் சுற்றும். பீய்ச்சும் தண்ணீரை மறித்துத் திருப்பும் ரிவர்ஸ் கேட் என்ற தகடு நடுவில் நிற்பதைத்தான் நியூட்ரல் என்கிறோம்.

## அறிகுறி 1: என்ஜின் அலறுகிறது, படகு அந்த அளவுக்குப் போகவில்லை

இதற்குள் நாலு கிளை உண்டு. எப்போது அலறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

### மோட்டார் போட்ட நாளிலிருந்தே, வேகம் கூட்டும்போதெல்லாம்

உயரம். வேறு எதையும் தொடாமல் இதைப் பாருங்கள். புரொப்பெல்லர் மோட்டாரை மாட்டும் உயரத்துக்கும் ஜெட்டை மாட்டும் உயரத்துக்கும் ஏழெட்டு அங்குலம் வித்தியாசம், ஜெட் மேலே உட்கார வேண்டும். பழைய ஜெட் இருந்த அதே போல்ட் ஓட்டையில் புதியதை மாட்டினாலும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள், பிராக்கெட் அளவு மாறும்.

படகை டிரெய்லரில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். நேரான நீளக் கட்டை ஒன்றையோ அலுமினியப் பட்டையையோ படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்து, பின்பலகையைத் தாண்டி ஜெட்டுக்குக் கீழே நீளும்படி வையுங்கள். மோட்டார் செங்குத்தாக நிற்க வேண்டும். இன்டேக்கின் முன்விளிம்பு அந்தக் கட்டையின் மட்டத்தில் இருந்தால் அதுதான் ஆரம்ப நிலை. கட்டைக்கு மேலே இடைவெளி தெரிந்தால் அந்த வழியாகத்தான் காற்று குடிக்கிறது.

அப்புறம் ஆற்றில் சோதனை. ஆட்களும் ஐஸ் பெட்டியும் நிறைந்த, வழக்கமாக நீங்கள் போகும் பாரத்தோடு ஓட்டுங்கள், காலிப் படகில் பார்த்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். இன்னும் அலறினால் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர், இறக்கி மறுபடி ஓட்டுங்கள். அலறல் நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எதற்கு வம்பு என்று ஒரேயடியாக இரண்டு அங்குலம் இறக்கிவிட்டால் அலறல் நிற்கும், ஆனால் பின்னால் தண்ணீர் வாரி இறைக்கும், வேகம் குறையும், முதல் கூழாங்கல் திட்டிலேயே ஜெட்டின் அடி கல்லை உரசும். ஜாக் பிளேட் (மோட்டாரை ஏற்றி இறக்க உதவும் தாங்கி) போட்டு மோட்டாரைப் பின்னால் தள்ளியிருந்தால் மேலே சொன்ன மட்டக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஓட்டிப் பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அடியில் சுரங்கம் (நீளவாக்கில் குடைந்த பள்ளம்) வைத்த படகு என்றால் கட்டையைச் சுரங்கத்தின் கூரையோடு ஒட்டிப் பிடித்துத் தொடங்கி, அதே மாதிரி ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

உயரம் சரி, ஆனாலும் அலறல் என்றால் டிரிம், அதாவது மோட்டாரின் சாய்வு, பாருங்கள். பவர் டிரிம் உள்ள மோட்டாரில், புரொப்பெல்லர் பழக்கத்தில் வெளிப்பக்கம் தூக்கி ஓட்டுகிறார்கள். ஜெட்டில் அப்படித் தூக்கினால் இன்டேக் தண்ணீரை அள்ளும் கோணம் குறைந்து காற்று வரும். உள்பக்கம் இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் படகுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இன்டேக்குக்கு நேர் முன்னால் ஓடும் விலா (அடியில் துருத்திய நீள வரம்பு), மீன் தேடும் கருவியின் சென்சார், நசுங்கிய பள்ளம், துருத்திய ரிவெட் எல்லாமே தண்ணீரைக் கிழித்து நுரையாக்கி ஜெட்டுக்கு அனுப்பும். சென்சாரை ஓரமாக நகர்த்துவது சும்மா ஆகிற வேலை. விலாவை வெட்டி அடியைச் சமப்படுத்துவது அலுமினிய வெல்டரின் வேலை, அதை வீட்டில் கிரைண்டர் வைத்து முயற்சி செய்யாதீர்கள்.

### நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடு ஆற்றில் திடீரென்று

கிரில் அடைத்திருக்கும். இலையுதிர் காலத்தில் கரையோரச் சிக்கமோர் மரங்களின் இலை ஒவ்வொன்றும் இரண்டு கை அகலம், ஆறு முழுக்க மிதக்கும், நாலு இலை சேர்ந்து ஒட்டினால் போதும். என்ஜினை அணையுங்கள். பம்பில் இருக்கும் தண்ணீர் கிரில் வழியாகத் திரும்பி இறங்கும்போது இலைகளைத் தள்ளிவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஓட்டி மறுபடி அணைத்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். போகாவிட்டால் கரைக்கு ஒதுங்கி, மோட்டாரைத் தூக்கிக் கையால் எடுங்கள். நீரோட்டத்தின் நடுவில், கீழே மரம் விழுந்து கிடக்கும் வளைவுக்கு மேலே நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள், முதலில் துடுப்புப் போட்டாவது ஒதுங்குங்கள்.

கிரில் சுத்தம், ஆனால் டமார் என்று ஒரு சத்தம் கேட்டு அதன் பிறகு என்ஜின் மட்டும் சுற்றுகிறது, உந்துதல் துளியும் இல்லை. இது ஷியர் கீ. இம்பெல்லரில் பெரிய கல் மாட்டினால் ஷாஃப்டைக் காப்பாற்றுவதற்காகத் தானாக அறுந்துபோகும் சிறு உலோகத் துண்டு அது. சோதிப்பது எளிது. சாவியும் கயிறும் பாக்கெட்டில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கிரில் வழியாக ஒரு குச்சியை விட்டு இம்பெல்லரைத் தள்ளுங்கள். கீ நன்றாக இருந்தால் என்ஜின் கம்ப்ரஷன் எதிர்க்கும், கையில் கனமாகத் தெரியும். அறுந்திருந்தால் மின்விசிறி மாதிரி சும்மா சுற்றும். இன்டேக்கைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி இறக்கி, மடக்கியிருக்கும் லாக் வாஷரை நிமிர்த்தி, நடு நட்டை எடுத்தால் இம்பெல்லர் கையோடு வரும். ஷிம்கள் (மெல்லிய வாஷர்கள்) மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எடுக்கும்போதே படம் எடுத்து வையுங்கள். புது கீ போட்டு, லாக் வாஷரை மறுபடி மடக்க மறக்காமல் மூடுங்கள். ஷியர் கீ இரண்டும் ஒரு லாக் வாஷரும் சரியான ஸ்பேனரும் படகிலேயே இருக்க வேண்டும். கீ கிடைக்கவில்லை என்று ஆணியை வெட்டிச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆணி அறாது, அடுத்த கல்லில் ஷாஃப்ட் போகும், அப்போது தெரியும் வித்தியாசம்.

புது கீ போட்டும் உடனே அறுகிறது என்றால் இம்பெல்லரும் அதைச் சுற்றியிருக்கும் குழாயான லைனரும் ஒன்றோடொன்று உரசுகின்றன, அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

### வளைவிலும் அலையிலும் மட்டும்

வேகமாகத் திரும்பும்போது தட்டையடிப் படகு பக்கவாட்டில் சறுக்கும், சறுக்கும்போது அடியில் காற்று புகும், ஜெட் ஒரு நொடி கத்தும். இது ஓரளவுக்கு இயல்பு. நேராக வந்ததும் உடனே பிடித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். பிடிக்க நேரமாகிறது என்றால் கால் அங்குலம் இறக்கிப் பாருங்கள், பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

### கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சீசன் முழுக்க

இது தேய்மானம். இம்பெல்லர் விளிம்புக்கும் லைனருக்கும் இடையில் சுமார் 0.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், அங்குலத்தில் 1/32. ஓசார்க் ஆற்றுப் படுகையில் கிடப்பது சக்கிமுக்கி இனத்துக் கல், கண்ணாடிச் சில்லுபோல உடையும், அதன் மணலை உறிஞ்சி உறிஞ்சி விளிம்பு தேய்ந்து இடைவெளி அகலும். தண்ணீர் பக்கவாட்டில் நழுவித் திரும்பும், என்ஜின் வேகமாகச் சுற்றும், உந்துதல் குறையும்.

கிரில் வழியாக ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. லைனர் நேர்க் குழாய் அல்ல, கீழே போகப் போகக் குறுகும். இம்பெல்லருக்குக் கீழே இருக்கும் ஷிம் வாஷர்களில் ஒன்றிரண்டை எடுத்து மேலே போட்டால் இம்பெல்லர் கீழே இறங்கி இடைவெளி சுருங்கும். ஒரு ஷிம்முக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் குறையும். ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பார்த்து எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே மூடுங்கள்.

முன்விளிம்பு மழுங்கியிருந்தால் அரம் போடலாம். தட்டையான அரத்தால் அடிப்பக்கத்தில் மட்டும். மேல்பக்கத்துக் கோணத்தைத் தொட்டால் தண்ணீரைத் தூக்கும் தன்மையே மாறிவிடும். மெல்லிய கத்தி முனையாக்கவும் வேண்டாம், முதல் கல்லிலேயே மடங்கும்.

எல்லா ஷிம்மும் மேலே போய்விட்டது, இன்னும் இடைவெளி குறையவில்லை என்றால் லைனர் தேய்ந்துவிட்டது. லைனரும் இம்பெல்லரும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் காசு வீண். ஸ்டெயின்லெஸ் இம்பெல்லர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீண்ட நாள் வரும், விளிம்பு நிற்கும், ஆனால் விலை பல மடங்கு, பெரிய கல் மாட்டினால் அது வளையாமல் அடியை லைனருக்கும் ஷாஃப்டுக்கும் அனுப்பும். வாரக் கடைசியில் மட்டும் போகிறவருக்கு அலுமினியமே போதும் என்பது என் கருத்து. உயரத்தையே சரி செய்யாமல் முதலில் ஸ்டெயின்லெஸ் வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

## அறிகுறி 2: படகு எழும்பவே மாட்டேன் என்கிறது, அல்லது எழும்பியபின் குதிக்கிறது

ஜெட் படகு ஆழமில்லாத் தண்ணீரில் ஓடுவதே எழும்பி, அதாவது வேகத்தில் தண்ணீரின் மேல் வழுக்கி, ஓடும்போதுதான். எழும்பிவிட்டால் சில அங்குலத் தண்ணீர் போதும், எழும்பாத நேரத்தில் அதே படகு அடி தட்டும்.

என்ஜின் அலறிக்கொண்டே எழும்பவில்லை என்றால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள். என்ஜின் சத்தம் சரியாக இருக்கிறது, மூக்கு மட்டும் வானத்தைப் பார்க்கிறது என்றால் பாரம். புதிய 60 ஃபோர் ஸ்ட்ரோக் 110 கிலோவுக்கு மேல் வரும், கழற்றிய பழைய டூ ஸ்ட்ரோக் அதைவிட எவ்வளவோ இலேசு. அந்த எடை முழுக்கப் படகின் வாலில் போய் உட்கார்ந்திருக்கிறது, அதோடு பெட்ரோல் டேங்க்கும் பாட்டரியும் பின்னாலேயே கிடக்கும்.

- டேங்க், பாட்டரி, நங்கூரம் மூன்றையும் முன்பக்கம் நகர்த்துங்கள். பாட்டரியை நகர்த்தினால் கேபிளும் நீளும், நீளத்துக்கு ஏற்பத் தடிமனும் கூட வேண்டும், இல்லாவிட்டால் அறிகுறி 3 வரும்.
- தளத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். வடிகால் அடைப்பைத் திறந்து டிரெய்லரில் மூக்கைத் தூக்கி நிறுத்துங்கள், வாளி வாளியாக வருவது உண்டு. தண்ணீர் குடித்த பழைய நுரைப் பலகை இருந்தால் அது வடியாது, பிடுங்கி மாற்ற வேண்டும்.
- டிரிம்மை முழுக்க உள்ளே இறக்கிக் கிளம்புங்கள்.
- குதிரை மாதிரி குதித்தால் பாரத்தை இன்னும் முன்னால் தள்ளுங்கள். அடியில் கொக்கிபோல் வளைவு விழுந்திருக்கிறதா என்று அதே நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள்.

எழும்புவதற்கு இரண்டடியாவது ஆழம் உள்ள இடத்தில் கிளம்புங்கள். ஆழமில்லாத இடத்தில் முழு வேகம் கொடுத்தால் கல்லை வாரிக் குடிக்கும். முன்னே பாரம் மாற்றியும் எழும்பவில்லை, தண்ணீரும் இல்லை என்றால் படகின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் படித்துப் பாருங்கள். உங்கள் படகுக்கு இந்த மோட்டாரும் இத்தனை ஆட்களும் அதிகமாக இருக்கலாம், அதற்கு எந்த மெக்கானிக்கிடமும் மருந்து கிடையாது.

## அறிகுறி 3: முழு வேகம் கொடுத்தும் ஆர்பிஎம் ஏறவில்லை

இப்போதுதான் என்ஜின் பக்கம் வருகிறோம். இந்த அளவு மோட்டார்கள் முழு வேகத்தில் 5,500 முதல் 6,000 வரை போக வேண்டும், உங்கள் மோட்டாரின் கையேட்டில் சரியான வரம்பு இருக்கும். புரொப்பெல்லர் என்றால் பிட்ச் (இதழ்களின் சாய்வளவு) மாற்றலாம் என்று சொல்வார்கள், ஜெட்டில் அந்த வழி இல்லை. ஆர்பிஎம் ஏறவில்லை என்றால் பெட்ரோலோ மின்சாரமோ என்ஜினோ சரியில்லை, அல்லது ரிவர்ஸ் கேட் பாதி மறைத்துக்கொண்டு நிற்கிறது. கேட்டை முதலில் பாருங்கள், கண்ணால் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் இந்த வரிசை:

டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள்.

ஓடும்போது ஒருவர் பிரைமர் பல்பை (பெட்ரோல் ஹோஸில் இருக்கும் ரப்பர் உருண்டை) அமுக்கட்டும். அமுக்கினால் வேகம் ஏறுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. பழைய மோட்டாருக்குப் போட்ட 5/16 அங்குல ஹோஸையே புதியதற்கும் மாட்டியிருப்பார்கள், இந்த அளவுக்கு 3/8 வேண்டும். ஹோஸ், பல்பு, கனெக்டர், டேங்க்கில் உறிஞ்சும் குழாய் எல்லாமே 3/8 ஆக இருக்க வேண்டும், ஒரு கனெக்டர் குறுகலாக இருந்தாலும் பயனில்லை. பல்பு ஓடும்போது சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு டேங்க் பக்கம்.

தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கழற்றி ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தெளிவான ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர். 2008 முதல் மிசூரியில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்பது விதி, பிரீமியத்துக்கு விலக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், இரண்டு மாதம் கிடந்த டேங்க்கில் அது தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். ஆற்றுக்கு மட்டும் போகிற டேங்க்குக்கு எத்தனால் இல்லாத பிரீமியம் போடுவது செலவு கூடுதல்தான், எனக்கு அது வாதத்துக்கு இடமில்லாத விஷயம். பம்பில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டுப் போடுங்கள், எல்லாப் பிரீமியமும் எத்தனால் இல்லாதது அல்ல.

பாட்டரி. பழைய மோட்டாருக்கு எந்தப் பாட்டரியும் ஓடும். புதிய ஃபியூயல் இன்ஜெக்ஷன் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்தால் கம்ப்யூட்டர் குழம்பும், அலாரம் அடிக்கும், வேகத்தைக் குறைக்கும். முனைகளில் கையால் திருகும் சிறகு நட்டுகள் இருந்தால் எடுத்துவிட்டு அறுகோண நட்டு போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். ஜெட் படகில் அதிர்வு அதிகம், சிறகு நட்டு தளரும். மீன் பிடிக்கும் டிரோலிங் மோட்டாருக்குத் தனிப் பாட்டரி வையுங்கள். இங்கே குளிர்கால இரவுகளில் விளக்குப் போட்டு ஈட்டியால் சக்கர் மீன் குத்தப் போகிறவர்கள் விளக்கையும் ஸ்டார்ட்டிங் பாட்டரியிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தவிக்கிறார்கள்.

பிளக், ஏர் இன்டேக், இவற்றைப் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம். அதற்குப் பிறகும் ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரில் கோளாறுக் குறியீடு படிக்க வேண்டும், கம்ப்ரஷன் அளக்க வேண்டும். அது டீலரின் வேலை, புது மோட்டார் என்றால் வாரண்டியும் இருக்கும், நீங்களே பிரித்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி 4: சூடு அலாரம், அல்லது பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது

உடனே அணையுங்கள். "கரை வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் பின்னால் வரும் பில் ஆயிரக்கணக்கில்.

1. பீய்ச்சும் சிறு ஓட்டையில் மணலோ குளவிக் கூடோ அடைத்திருக்கும். புல்வெட்டியில் போடும் நைலான் நரம்பை விட்டுக் குத்துங்கள். திரும்ப நன்றாகப் பீய்ச்சினால் அவ்வளவுதான். கம்பி விடாதீர்கள், உள்ளே கிழியும்.
2. கிரில் அடைத்துக் காற்று குடித்திருந்தால் குளிர்விக்கும் தண்ணீரும் குறையும். கிரிலைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.
3. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர். மணல் உறிஞ்சும் ஆற்றில் இது சீக்கிரம் தேயும், நான் வருஷத்துக்கு ஒரு தடவை கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவேன். ஜெட்டைக் கழற்றி இறக்கத் தெரிந்தவர் மாற்றலாம், கிட்டாகவே கிடைக்கும். ரப்பர் இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளை எண்ணிப் பாருங்கள், குறைந்தால் அது மேலே போய்க் குழாயில் மாட்டியிருக்கிறது.
4. தெர்மோஸ்டாட்.

புது ரப்பரும் தெர்மோஸ்டாட்டும் போட்டு மறுபடி சூடேறினால் உள்ளே தண்ணீர்ப் பாதையில் அடைப்பு அல்லது ஹெட் கேஸ்கட். மெக்கானிக். வீட்டில் சோதிக்கும்போது ஒருபோதும் தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ரப்பர் இம்பெல்லர் சில நொடிகளில் கருகும்.

## அறிகுறி 5: அதிர்வு, கரகர சத்தம்

கல்லோ குச்சியோ இம்பெல்லருக்கும் லைனருக்கும் நடுவில் நிற்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பின்பக்கமாக மெதுவாக நகர்த்தினால் விழும். தூண்டில் நரம்பு ஷாஃப்டில் சுற்றியிருந்தால் ஒரு இழைகூட மிச்சமில்லாமல் எடுங்கள், அது மேலே ஏறி பேரிங் சீலை அறுக்கும். இம்பெல்லர் இதழில் பெரிய துண்டு உடைந்திருந்தால் சமநிலை போய்விடும், அரம் போட்டு மறைக்காமல் மாற்றுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் கிரீஸைப் பாருங்கள். ஜெட்டின் பக்கவாட்டில் ஒரு நிப்பிளில் சிறு ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கும். குழாயின் முனையை இழுத்துவிட்டு நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால், பழைய கிரீஸ் அந்தக் குழாய் வழியாக வெளியே வரும். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும், நாள் முழுக்க ஓட்டினால் அன்று மாலையே செய்துவிடுங்கள். வெளியே வரும் கிரீஸ்தான் உங்கள் மருத்துவ அறிக்கை:

- அடித்த நிறத்திலேயே வருகிறது: நல்லது.
- கொஞ்சம் தண்ணீர்த் துளி, லேசான சாம்பல்: சுத்தமான கிரீஸ் வரும்வரை அடியுங்கள், அடுத்த தடவை கவனியுங்கள்.
- பால் மாதிரி வெள்ளையாக, ஒவ்வொரு தடவையும்: சீல் போய்விட்டது.
- கறுத்து, விரலில் தேய்த்தால் பொடி நெருடுகிறது: பேரிங் தேய்கிறது, ஓட்டுவதை நிறுத்துங்கள்.

பேரிங்கும் சீலும் மாற்ற ஷாஃப்டை வெளியே எடுத்து அழுத்தி இறக்க வேண்டும். பிரெஸ் இல்லாமல் சுத்தியலால் முயன்று ஷாஃப்டைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். இது கடைக்குப் போக வேண்டிய வேலை. தண்ணீரைத் தாங்கும் கிரீஸாக, கையேடு சொல்லும் வகையாக வாங்குங்கள், காரில் போடும் மிச்சக் கிரீஸ் வேண்டாம்.

## அறிகுறி 6: ரிவர்ஸ் கேட் சொன்னபடி கேட்கவில்லை

மற்ற எல்லாம் பணத்தை மட்டும் கெடுக்கும், இது ஆளையே கெடுக்கும். மோட்டார் மாற்றும்போது பழைய ஷிஃப்ட் கேபிளைப் புதியதில் மாட்டி, நீளம் சரி பார்க்காமல் கிளம்புவதுதான் வழக்கமான காரணம்.

முன்னோக்கிப் போகும் நிலையில் லீவரை வையுங்கள், என்ஜின் அணைந்திருக்கட்டும். இப்போது கையால் கேட்டை நியூட்ரல் பக்கமாக இழுங்கள். அசையவே கூடாது. ஒரு விரல் அளவு ஆடினாலும் அந்தப் படகை ஆற்றில் இறக்காதீர்கள். முழு வேகத்தில் போகும்போது தண்ணீர் அந்தக் கேட்டைப் பிடித்து இழுத்து ரிவர்ஸ் பக்கம் தள்ளினால் படகு சட்டென்று நின்றுவிடும், முன்னால் உட்கார்ந்திருப்பவர் தண்ணீரில் கிடப்பார். லீவரில் இருக்கும் கேம் தடத்தின் முனையில் உருளை முழுமையாகப் போய் உட்கார வேண்டும், கேபிள் முனையில் இருக்கும் திருகை நீட்டியோ குறைத்தோ அதைக் கொண்டுவரலாம். கேபிள் உள்ளே பிசிறு கட்டி இழுத்தால் கேபிளையே மாற்றுங்கள்.

நியூட்ரலில் மெதுவாக முன்னே நகர்ந்தால் கேட்டை இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் பக்கம் தள்ளி வையுங்கள், பின்னே நகர்ந்தால் எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். துல்லியமாக ஒரே இடத்தில் நிற்காது, துளி நகர்வு கோளாறு இல்லை. கரையில் ஆள் ஏறும்போது என்ஜினை அணைத்துவிடுவதுதான் சரி. ஆழமில்லாத இடத்தில் ரிவர்ஸ் போட்டால் தண்ணீர் படகுக்கு அடியில் முன்னோக்கி அடித்து மணலைக் கிளப்பும், அந்த மணலையே ஜெட் உறிஞ்சும். அங்கே துடுப்போ கழியோ மேல். கடும் குளிரில் டிரெய்லரில் வரும்போது கேட் உறைந்து ஒட்டிக்கொள்ளும், லீவரை முரட்டுத்தனமாக இழுக்காமல் தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

கேட்டின் பிவட் போல்ட் தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் சரி செய்ய வேண்டியது மெக்கானிக், நீங்கள் அல்ல.

வேகத்தைக் குறைத்ததும் ஸ்டீயரிங் பிடிக்கவில்லை என்று புகார் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜெட்டுக்குச் சுக்கான் கிடையாது, பாய்ச்சும் தண்ணீர்தான் திருப்புகிறது. பாறை வருகிறது என்று பயந்து வேகத்தை விட்டால் நேராகப் பாறைக்கே போவீர்கள். கேபிளில் குறை இல்லை.

## அறிகுறி 7: பின்பலகை ஆடுகிறது

மோட்டாரைப் பாதி தூக்கி, மேல்மூடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள், இன்னொருவர் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். போல்ட் மட்டும் அசைந்தால் பெரிய வாஷர் போட்டு, சீலண்ட் தடவி இறுக்கிவிடலாம். பலகையே வளைந்தால் உள்ளே இருக்கும் மரப்பலகை அழுகியிருக்கும், சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் அழுகிய இடம் பொத்தென்றும் கேட்கும். உயரத்தைக் கூட்டக் கூட்ட மோட்டாரின் நெம்புகோல் இழுப்பும் கூடும், அதனால் தூக்கிக் கட்டிய மோட்டாரில் மூலைத் தாங்கிகளின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் முதலில் தெரியும். துடைத்துவிட்டு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். விரிசல் கண்ணில் பட்டால் அன்றைக்குப் படகு இறங்காது, அலுமினியம் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போகும்.

## கடைக்கு எடுத்துப் போகும் முன்

எந்தப் பாரத்தில், எத்தனை ஆர்பிஎம்மில், எந்த ஆழத்தில் வருகிறது, இம்பெல்லர் இடைவெளி எவ்வளவு, கிரீஸ் என்ன நிறம், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். மட்டக் கட்டை வைத்து எடுத்த படத்தையும் காட்டுங்கள். மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஆளிடம் நேரம் மிச்சம்.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது கில் ஸ்விட்ச் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள், 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் கூட்டாட்சிச் சட்டமும் அதைக் கேட்கிறது. கரண்ட் ஆற்றில் ஓசார்க் தேசிய ஆற்றுப் பூங்காவின் எல்லைக்குள் பகுதிக்குப் பகுதி குதிரைத்திறன் வரம்பு உண்டு. புது மோட்டாரின் எண் அந்தப் பகுதிக்குச் செல்லுமா என்று பூங்காவின் விதியைப் படித்துவிட்டே டிரெய்லரைக் கிளப்புங்கள், ரேஞ்சரிடம் 60/40 கணக்கைக் கரையில் நின்று விளக்கிக்கொண்டிருப்பது நல்ல பொழுதுபோக்கு இல்லை.